காளீஸ்வரி என்று ஒருத்தி

அத்தியாயம் 17

போன வார அத்தியாயத்தில் அற்புதமேரி தன் வீட்டு வாசலில் நின்று ஒரு போலீஸ்காரரிடம் பொய் சொன்னாள். "இப்படியும் ஒரு தாய் உண்டா?" என்று கோபமாக எழுதிக் கேட்ட வாசகிகளுக்கு நான் இப்போது பதில் சொல்லப் போவதில்லை. இந்த வாரமும் அவளோடு ஒரு நாள் இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

அற்புதமேரியின் மகள் ஜெப ஷீலா மதுரையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம், வெளிநாடுகளில் பட்டப்படிப்பு படிக்கிற பன்னிரண்டு பேரைக் கோடை விடுமுறையில் வரவழைத்துத் தன் விதை ஆய்வகத்தில் பத்து வாரம் ஆராய்ச்சி செய்ய வைக்கிறது. டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பேராசிரியை விண்ணப்பத்தை வாங்கிக் கொடுத்தார். ஜெபா குதிரைவாலியைப் பற்றி எழுதி அனுப்பினாள். அம்மா அடுப்புச் சாம்பலில் புரட்டி வைத்த விதை ஏழு வருஷம் கழித்தும் முளைக்கிறது. கடையில் வாங்கிய விதை மூன்றாம் வருஷமே செத்துப்போகிறது. ஏன்? அந்தக் கேள்வி ஜெர்மனிக்காரர்களுக்குப் பிடித்துவிட்டது. விதையோடு வா, இங்கேயே விடை தேடலாம் என்று கடிதம் போட்டார்கள். பாஸ்போர்ட் எண்ணை மட்டும் மே இருபதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் அந்த இடம் காத்திருக்கிற அடுத்தவருக்குப் போய்விடும்.

இனி பெயர் விஷயம். எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே இருக்கிற வேதக்கோயில் தெருவில் பெரும்பாலும் எல்லாருக்கும் இரண்டு பெயர். ஞானஸ்நானத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரில் ஒன்று. கிறிஸ்தவர் என்று எழுதிக்கொடுத்தால் ஆதிதிராவிடர் சலுகை கிடையாது. ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல், வேலை எல்லாவற்றிலும் அடி விழும். சாமியை மாற்றிக்கொண்டவர்களுக்குக் குடியிருக்கிற தெரு மாறவில்லை, டீக்கடைத் தம்ளர் மாறவில்லை. சட்டம் மட்டும் எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. அதனால்தான் அற்புதமேரியின் காலஞ்சென்ற கணவர் ஞானராஜ் தன் மகன் கிறிஸ்டோபரைப் பள்ளியில் சேர்க்கும்போது காளிராஜ் என்றும், தன்னை மாரிச்சாமி என்றும் எழுதவைத்தார். ஏழு வருஷம் கழித்து மகள் ஜெப ஷீலா அதே ரிஜிஸ்தரில் காளீஸ்வரி ஆனாள். காளிராஜ் இன்றைக்குக் காரியாபட்டியில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். அந்தத் தெருவுக்கு வந்த முதல் சர்க்கார் உத்தியோகம் அது.

ஏப்ரல் மாதம் ஒரு போலீஸ்காரர் வந்து, மாரிச்சாமி மகள் காளீஸ்வரி வீடு எது என்று தெருவெல்லாம் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. விறகை எரித்துக் கரி எடுக்கிற மூட்டத்தில் வேலை பார்த்துவிட்டுக் கையும் காலும் கறுத்து வந்து நின்ற அற்புதமேரிக்கு மட்டும் தெரியும். பாஸ்போர்ட் என்றால் போலீஸ் வந்து விசாரிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்து ஊர் வாத்தியார் கதைதான். யாரோ மொட்டைக் கடிதம் போட, இதே போல ஒருவர் வந்து பெயரை விசாரிக்க, ஆறே மாதத்தில் அந்த வாத்தியாரின் வேலை போனது. மகள் பெயரைப் பிடித்துக்கொண்டு மகனுக்கு வினை வந்துவிட்டது என்று நினைத்தாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லி, அவர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்தும் போட்டாள். வீட்டில் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. இன்றைக்குத் தேதி மே பதினாறு, திங்கட்கிழமை.

*

தபால்காரர் பத்தரை மணிக்கு வந்தார். லீவுக்கு வந்த நாளிலிருந்து ஜெபா அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. ரிஜிஸ்டர் தபால் என்றதும் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டாள். கவர் மெலிசாக இருந்தது. உள்ளே பாஸ்போர்ட் புத்தகம் இருப்பதற்கான கனமே இல்லை.

அங்கேயே வெயிலில் நின்று பிரித்தாள். ஒரே ஒரு தாள். திருச்சி பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து இங்கிலீஷில் நாலு வரி. போலீஸ் விசாரணையில், கொடுத்த முகவரியில் காளீஸ்வரி என்று எவரும் இல்லை எனத் தெரியவந்ததால் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது என்று இருந்தது.

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு உள்ளே வந்து, அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த அம்மாவிடம் விஷயத்தைத் தமிழில் சொன்னாள். போலீஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அற்புதமேரியின் கையிலிருந்த அகப்பை நின்றுபோனது.

"பாஸ்போட்டுக்கா போலீசு வந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஆமா. வீட்டுல ஆளு இருக்கான்னு பாக்க வருவாக. உன்கிட்டச் சொல்ல மறந்துட்டேன். இங்க வந்து யார்கிட்டயோ கேட்ருக்காக. அவுக அப்படி ஒரு புள்ளையே இல்லன்னு சொல்லியிருக்காக."

அடுப்பில் விறகு எரிந்துகொண்டே இருந்தது. கஞ்சி அடிபிடித்து வாடை வந்த பிறகுதான் அற்புதமேரி பானையை இறக்கினாள். தன் வாயால் தன் மகளுடைய சீமைப் பயணத்தை அழித்துவிட்டோம் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. புரிந்ததைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. அந்த இடத்தில் சொல்லியிருந்தால் அன்றைய தினம் இத்தனை தூரம் போயிருக்காது. ஆனால் நாமெல்லாம் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லித்தானா வாழ்கிறோம்?

ஜெபா அதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். பக்கத்து வீட்டு மூக்கம்மாளுக்கும் இவர்களுக்கும் போன மாதம் குழாயடியில் பேச்சு முற்றி, முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. வேறு யார் சொல்லியிருப்பார்கள்? கடிதத்தைக் கையில் பிடித்தபடி நேரே அந்த வீட்டுக்குப் போனாள். என் படிப்பைக் கெடுத்து உங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டாள். இன்னும் என்னென்னவோ கேட்டாள். படித்த பிள்ளை பேசக்கூடாத வார்த்தை ஒன்றிரண்டும் அதில் இருந்தன.

மூக்கம்மாள் புளி தட்டிக்கொண்டிருந்தவள் எழுந்திருக்கவும் இல்லை. போலீஸ் வந்த அன்று அவள் தன் மகளின் பிரசவத்துக்குத் துணையாகக் காரியாபட்டி ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதைச் சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்குக் காளீஸ்வரின்னு ஒரு பேரு இருக்குன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்த்தா. நீ சீமைக்குப் போறேன்னு கேட்டு வேதக்கோயில்ல ஸ்தோத்திரக் காணிக்கை போட்டவ நான். சண்டை உங்க ஆத்தாகூட. உன்கூட எனக்கு என்ன?"

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அற்புதமேரி எல்லாவற்றையும் கேட்டாள். செய்தவள் இங்கே நிற்க, செய்யாதவள் அங்கே திட்டு வாங்கினாள். அற்புதமேரிக்குத் தலைக்குமேல் கூரை இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை.

ஜெபா திரும்பி வந்து, ஸ்டேஷனுக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று துணி மாற்றினாள். அண்ணன் வரட்டும் என்றாள் அம்மா. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதான் வரும், வெள்ளிக்கிழமை கெடு என்றாள் மகள். வெயில் இறங்கட்டும் என்றாள் அம்மா. அதற்குள் பஸ் போய்விடும் என்றாள் மகள்.

"அப்பன்னா நானும் வாரேன்" என்றாள் அற்புதமேரி.

*

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த கரிசல், நடுநடுவே சீமைக்கருவேலங்காடு, தூரத்தில் ஒரு மூட்டத்தின் புகை. ஜெபாவுக்குக் கோபம் தணிந்து நம்பிக்கை வந்திருந்தது. நேரில் போய் நின்றால், ஆள் இருக்கிறாள் என்பதற்கு ஆளே சாட்சி. அதற்கு மேல் அவர்கள் என்ன கேட்பார்கள்?

அவள் அம்மாவிடம் அந்த ஆய்வகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்துவைத்த விதைகளை ஓர் அறையில் குளிரில் வைத்திருக்கிறார்களாம். எந்த நாட்டில் பஞ்சம் வந்தாலும், விதையே அற்றுப்போனாலும் அங்கேயிருந்து எடுத்துக் கொடுப்பார்களாம். நம் குதிரைவாலி அங்கே இல்லை. இவள் கொண்டுபோனால் அதற்கும் ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் ஒரு சீட்டு, சீட்டில் ஊர்ப் பெயர், விதையைக் காத்தவர் பெயர்.

"உன் பேரைத்தான் எழுதச் சொல்லுவேன்" என்றாள்.

அற்புதமேரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க உன்னைய எந்தப் பேரச் சொல்லிக் கூப்புடுவாக?" என்று கேட்டாள்.

"சர்டிபிகேட்ல இருக்குற பேருதான். காளீஸ்வரி."

"ம்."

இப்போது சொல்லிவிடலாம் என்று மூன்று நிறுத்தம் நினைத்தாள். நாலாவது நிறுத்தத்தில் ஸ்டேஷன் வந்துவிட்டது.

*

ஏட்டு இருளப்பசாமி நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கெட்டவர் என்று கை நீட்ட ஆள் இல்லாமல் நானே தவித்துக்கொண்டிருக்கிறேன். அவர் ஜெபாவை உட்காரச் சொன்னார், கடிதத்தை வாங்கிப் படித்தார், பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். அதற்குள் பின்னால் சுவரோரம் நின்ற அற்புதமேரியைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, நீங்கதான அன்னைக்கு இல்லன்னு சொன்னது?"

ஜெபா திரும்பினாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏட்டு ஃபைலைத் திருப்பி மேஜைமேல் வைத்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் மேற்படி பெயரில் யாரும் இல்லை என்று எழுதியிருந்தது. அடியில் கையெழுத்து. ஜெபாவுக்கு அந்தக் கையெழுத்தைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆறாம் வகுப்பு லீவில் சிலேட்டை வைத்து அம்மாவுக்குப் பெயர் எழுதச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். 'மே'யின் கொம்பை எப்போதும் கொஞ்சம் பெரிதாகப் போடுவாள் அம்மா. இங்கேயும் பெரிதாகத்தான் போட்டிருந்தாள்.

ஜெபா எழுந்து வெளியே போனாள். ஸ்டேஷன் காம்பவுண்டில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் பிடித்துவைத்த மோட்டார் சைக்கிள்கள் துருப்பிடித்துக் கிடந்தன. அற்புதமேரி பின்னாலேயே வந்தாள்.

"நான்னு தெரிஞ்சுதான சொன்ன?" என்றாள் ஜெபா.

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"அண்ணனுக்காகவா?"

"ஆமா." அற்புதமேரி அழவில்லை. "உங்க அண்ணன் மேல யாரோ எழுதிப் போட்டுட்டாகன்னு நினைச்சுட்டேன். ரெண்டு பேருல ஒருத்தரைத்தான் காப்பாத்த முடியும்னு தோணுச்சு. பெத்த நாள்லருந்து உன்னைய அந்தப் பேரச் சொல்லி நான் கூப்புட்டதே இல்ல. இல்லன்னு சொன்னா ஒரு பேருதான இல்லாமப் போகும்னு நினைச்சேன். நீயே போவேன்னு நினைக்கலடி."

ஜெபாவுக்கு அம்மாவை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மூக்கம்மாள் பெரியம்மா முகம் நினைவுக்கு வந்து வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஏட்டு அவர்களை உள்ளே கூப்பிட்டார். இன்னும் வழி இருக்கிறது என்றார். நாளைக் காலை பத்து மணிக்கு விருதுநகர் எஸ்.பி. ஆபீசுக்குத் தபால் போகும். ஜெப ஷீலாவும் காளீஸ்வரியும் ஒரே ஆள்தான் என்று தாயார் எழுதிக்கொடுத்தால் அவர் மறு அறிக்கை எழுதி அதோடு சேர்த்துவிடுவார். கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு புதன்கிழமை திருச்சிக்கு நேரில் போய் நின்றால் வெள்ளிக்குள் நம்பர் கிடைத்தாலும் கிடைக்கும்.

அற்புதமேரியின் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. "இப்பவே எழுதும்மா" என்றாள் மகளிடம்.

ஏட்டு கையமர்த்தினார். கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எதுக்கு ரெண்டு பேருன்னு கேப்பாகம்மா. அதையும் எழுதணும். வீட்டுல யார் யார் இருக்காக, என்ன வேலை பாக்காகன்னும் எழுதணும். எழுதுன காகிதம் எந்த மேஜைக்கெல்லாம் போகும்னு என்னால சொல்ல முடியாது. எனக்கும் புள்ளைக இருக்கு. யோசிச்சுக் குடுங்க."

அற்புதமேரிக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும், எழுதத் தெரியாது. அதனால் தன்னை இல்லை என்று அம்மா சொன்ன கதையை ஜெபாவே தன் கையால் அம்மா சொல்லச் சொல்ல எழுத வேண்டியிருந்தது. நான் அற்புதமேரி. என் கணவர் ஞானராஜ் என்கிற மாரிச்சாமி. என் மகள் ஜெப ஷீலா என்கிற காளீஸ்வரி. ஏப்ரல் மாதம் விசாரணைக்கு வந்தபோது பயத்தினால் தவறாகச் சொல்லிவிட்டேன். அதுவரை பேனா ஓடியது. என் மகன் என்று எழுதியதும் நின்றது.

"எழுது" என்றாள் அற்புதமேரி.

"அண்ணனைக் கேக்காம எழுத மாட்டேன்."

"நான்தான் சொல்றேன்ல. எழுது. உனக்குச் செஞ்ச பாவத்தை நான் எங்க கொண்டுபோய்க் கழுவுவேன்?"

ஜெபா எழுதினாள். கிறிஸ்டோபர் என்கிற காளிராஜ், வயது இருபத்தேழு, அரசு ஊழியர். அம்மா கையெழுத்துப் போட்டாள். ஆனால் ஜெபா அந்தக் காகிதத்தை ஏட்டிடம் கொடுக்காமல் மடித்து வைத்துக்கொண்டாள். நாளை பத்து மணிக்குள் கொண்டுவருகிறோம் என்று சொல்லிவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து காரியாபட்டி பஸ் ஏறினாள்.

*

கிறிஸ்டோபரின் அலுவலகத்துக்கு அவர்கள் அதுவரை வந்ததே இல்லை. வரவேண்டாம் என்று அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வாங்க என்றும் சொன்னதில்லை. வாசலில் இறங்கும்போது அற்புதமேரி கழுத்தில் கிடந்த சின்னச் சிலுவையை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. தானாகவே கை போனது.

யாரைப் பார்க்க வேண்டும் என்று பியூன் கேட்டார். அற்புதமேரி மகளைப் பார்த்தாள். ஜெபாதான், "காளிராஜ் சாரு" என்றாள்.

அவன் வந்தான். அம்மாவைக் கண்டதும் பயந்துபோய், யாருக்கு என்ன என்று கேட்டான். இருவரையும் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப்போனான். ஜெபா எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா பேரில் கோபம் வராத மாதிரி, பாதியை விழுங்கித்தான் சொன்னாள். பிறகு காகிதத்தைக் கொடுத்தாள்.

அவன் நின்றபடியே படித்தான். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். மனைவிக்கு ஆறு மாதம். இதே ஊரில் ஒரு வாடகை வீடு. அந்த வீட்டுக்காரரும், பக்கத்து மேஜைக்காரரும், டீ வாங்கி வருகிறவரும் அவனைக் காளிராஜ் என்றுதான் அறிவார்கள். நாலு வருஷமாக வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை என்றால் நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றவன் அவன். பொய்யாக வாழ வேண்டும் என்று யார்தான் ஆசைப்படுவார்கள்?

அரசு ஊழியர் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அலுவலகத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அற்புதமேரி அதைப் பார்த்தாள். பார்த்ததும் அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்துப் போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த நொடியே மகள் முகம் தெரிந்தது. அவளுடைய இரண்டு கையும் அப்படியே தொங்கிக் கிடந்தன.

"ஜெபா, அங்க பத்து வாரந்தான?" என்று கேட்டான் கிறிஸ்டோபர்.

"ஆமாண்ணே. பத்து வாரந்தான்."

அந்தப் பத்து வாரத்துக்குப் பிறகு என்னென்ன திறக்கும் என்று பேராசிரியை சொன்னதை அவள் சொல்லவில்லை. அடுத்த வருஷம் இரண்டாம் தடவை கேட்பதற்கு வழியில்லை என்பதையும் சொல்லவில்லை. அவனும் வேறு எதுவும் கேட்கவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"நீங்க அலைய வேண்டாம். நான் பெர்மிஷன் போட்டுட்டு அஞ்சு மணி பஸ்ஸுல வாரேன். ஸ்டேஷன்ல என் கையாலயே குடுத்துட்டு அப்படியே வீட்டுக்கு வந்துருதேன். அம்மா, நீ போயிக் கஞ்சி குடி. காலைலருந்து சாப்புட்ட மாதிரி தெரியல."

தங்கையின் தலையில் கை வைத்துவிட்டு வேகமாக உள்ளே போனான். ஜெபாவுக்குக் கண் கலங்கியது. எவ்வளவு பெரிய மனசு என் அண்ணனுக்கு என்று நினைத்தாள். அம்மாவிடமும் சொன்னாள். அற்புதமேரி ஆமாம் என்று தலையாட்டினாள்.

*

நாலேகால் அருப்புக்கோட்டை பஸ் வந்தபோது படியில்கூடக் கால் வைக்க இடம் இல்லை. கண்டக்டர் அடுத்ததில் வரச் சொல்லிவிட்டார். நிழலுக்காக இருவரும் ஒரு நுங்கு வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்கள். எதிர்ப்பக்கம், ஸ்டேஷனுக்கு நேர் எதிர்த் திசையில் மதுரைக்குப் போகிறவர்கள் நிற்கிற இடம். அதற்குச் சற்றுத் தள்ளி அந்த அலுவலகத்தின் கேட்.

அண்ணன் வந்துவிட்டால் ஒரே பஸ்ஸில் சேர்ந்தே போகலாம் என்று ஜெபா சொல்லிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை திருச்சிக்குப் போக என்ன சேலை கட்டுவது, விதையை எதில் பொதிந்து எடுத்துப்போவது என்றெல்லாம் பேச ஆரம்பித்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் முதலில் மூக்கம்மாள் பெரியம்மா காலில் விழ வேண்டும் என்றாள்.

நாலே முக்காலுக்குக் கேட் திறந்தது. கிறிஸ்டோபர் வெளியே வந்தான். அவர்கள் முந்தைய பஸ்ஸில் போயிருப்பார்கள் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ரோட்டைக் கடக்காமல் அந்தப் பக்கமாகவே நடந்து, மதுரை பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றான். காகிதம் இருந்த சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ஜெபா பேச்சை நிறுத்தினாள்.

"ஏதாச்சும் வாங்க வேண்டியிருக்கும்" என்றாள் அற்புதமேரி. "பெர்மிஷன் வாங்க மேலதிகாரி வீட்டுக்குப் போறானோ என்னமோ."

மதுரை பஸ் வளைவில் தெரிந்தது. அவன் கையை நீட்டினான்.

அற்புதமேரி நுங்கு வண்டியைத் தாண்டி ரோட்டின் ஓரத்துக்கு ஓடினாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நாற்பது அடி இருக்கும். கேட் அருகே அவன் அலுவலகத்து ஆட்கள் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் வாயைத் திறந்தாள். கிறிஸ்டோபர் என்று அங்கே கூப்பிட முடியாது. காளிராஜ் என்று அவள் தன் பிள்ளையை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

பஸ் வந்து மறைத்தது. அது நகர்ந்தபோது அவன் நின்ற இடத்தில் யாரும் இல்லை.